சம்பந்தியம்மாவுக்கு, மைக்ரோவேவ் விஷயமாக

பிப்ரவரி 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். வயிற்றில் இருப்பவரையும் சேர்த்தால் நால்வர். உங்கள் மகளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்று பசி வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டேதான் ஆபீசுக்குக் கிளம்புகிறாள். பஸ்ஸில் டீசல் வாடை தாங்கவில்லையாம். சாயங்காலம் அதே பழம் வீடு திரும்புகிறது. உரித்துத் தின்பது என் மகன்.

உங்கள் காதுக்கு அந்தக் கருவியை மாட்டிக்கொள்கிறீர்களா? அல்லது அது இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கிறதா?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது புகார் இல்லை. மருமகளைப் பற்றி அவளைப் பெற்றவருக்கே புகார் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று நீங்கள் அறிவீர்கள் என நம்புகிறேன். அறியாவிட்டால், இந்த வரியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம், கல்யாணத்துக்கு நீங்கள் பரிசாகக் கொடுத்த மைக்ரோவேவ் அடுப்பு. சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது உங்கள் மகள், "மாமா, இந்த மைக்ரோவேவை நிறுத்திடலாமான்னு யோசிக்கிறோம்" என்றாள். அவளுடைய ஆபீசில் யாரோ சொன்னார்களாம். "அதுல சூடு பண்ணினா சாப்பாட்டுல சத்தே இருக்காதாம். வயித்துல பிள்ளை இருக்கறப்போ பக்கத்துல கூட நிக்கக் கூடாதாம்."

என் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ சொன்னா சரி" என்றான்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

நான், "உங்க இஷ்டம்மா" என்றேன்.

சொன்னேனே தவிர, அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. காரணம் சொல்கிறேன். சென்ற ஆண்டு நடந்த பால் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். காஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு நிமிடம் என்று பால்கனிக்குப் போனேன். வானத்தில் ஒரு மேகம், கொல்லன் பட்டறைக்கல் போலத் தலை தட்டையாக, அடி கறுத்து எழும்பிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் வானிலை ஆபீசில் மேகத்தைப் பார்த்துக் குறித்தவனுக்கு அதைப் பார்த்தும் பாராமல் திரும்ப மனம் வரவில்லை. பால் பொங்கி, தீ அணைந்து, காஸ் வீடெல்லாம் பரவிவிட்டது. நல்ல வேளை, உங்கள் மகள் அன்று சீக்கிரம் வந்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் முதல் இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறாள். அது சரிதான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அடுப்பு என்றால் நீங்கள் கொடுத்த அந்தப் பெட்டிதான். மதியச் சோறு அதில். சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சதுரங்கம் ஆட வருவார் அல்லவா (நாங்கள் அவரைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுகிறோம்), அவருக்கு டீயும் அதில்தான். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தூளைப் போட்டு மூடி வைத்து, பாலைத் தனியாகச் சுடவைத்து ஊற்றுவேன். டீ என்று சொல்லலாம். வந்தவருக்கு நம் கையால் சூடாக ஏதோ ஒன்று கொடுக்க முடிகிறது என்பதுதான் அதில் இருக்கிற ருசி.

உங்கள் பரிசு என்பதால் உங்களைக் கேட்காமல் அதை ஒதுக்குவது முறையாகுமா என்று தோன்றியது. ஆகவே எழுதினேன். பெற்ற தாய் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன? இதை உங்கள் மகளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் விரும்பும்,
சம்பந்தி

*

பிப்ரவரி 9

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைச்சது. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், உங்களை மாதிரி இலக்கணமா வராது. பொறுத்துக்கங்க.

காதுக் கருவி அலமாரியிலதான் இருக்கு. மாட்டினா பக்கத்து வீட்டு மிக்ஸி என் மண்டைக்குள்ள ஓடுது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து ஊரார் பேச்சையெல்லாம் காதுல வாங்கி வாங்கி, எனக்குன்னு கொடுத்த பங்கு தீர்ந்துபோச்சுன்னு நெனச்சுக்கறேன். என் பொண்ணு போன்ல தட்டித் தட்டி அனுப்பறா. 'சாப்டியா', 'தூங்கினியா', அவ்வளவுதான். கடிதம்னு ஒண்ணு எனக்கு வர்றது உங்ககிட்டேருந்து மட்டும்தான். அதனால இனிமே கிழிக்காதீங்க. கிழிச்சதையும் சேர்த்து அனுப்புங்க, படிச்சுக்கறேன்.

இப்போ விஷயத்துக்கு வரேன். பரிசு கிரிசுன்னு என்னை உள்ள இழுக்காதீங்க. நான் அன்னிக்குத் தையல் மெஷின் வாங்கப் போனேன். கடைக்காரன் பேசியே இந்தப் பெட்டியை என் தலையில கட்டிட்டான். அதுல எனக்கு என்ன பாசம்? தூக்கிப் போட்டாலும் வருத்தமில்ல, வெச்சுக் கும்பிட்டாலும் வருத்தமில்ல.

உங்க கடிதத்தை முழுசா படிச்சேன். அதுல மேகம் இருக்கு, கண்ணாடிக்காரர் இருக்கார், ஆரஞ்சு கூட இருக்கு. உங்களுக்கு அந்தப் பெட்டி வேணுமா வேண்டாமாங்கறது மட்டும் எங்கேயும் இல்ல! பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும் போல. வானத்தையே வருஷக்கணக்கா அண்ணாந்து பார்த்தவருக்கு மருமக முகத்தை நிமிர்ந்து பார்த்து 'எனக்கு வேணும்மா'ன்னு சொல்ல வராதா?

என் பொண்ணு பயம் பொய்யில்ல. அதையும் சொல்லிடறேன். சின்ன வயசுல குக்கர் விசில் அடிச்சா பீரோவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவா. சிரிச்சா அழுவா. சிரிக்காம பக்கத்துல நின்னா தானா வெளிய வருவா. அதே ஆள்தான், இப்போ வயித்துல வேற ஒண்ணு.

நீங்க படிச்சவர். அந்தப் பெட்டியால நிஜமா கெடுதல் உண்டா இல்லையான்னு பாருங்க. கெடுதல்னா தூக்கி எறியுங்க. இல்லைன்னா சொல்லுங்க. டீ ஒண்ணுதான் பிரச்சினைன்னா ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் வாங்கிக்கக் கூடாதா? இதுக்கு ஒரு மகாநாடா?

அன்புடன்,
உங்கள் சம்பந்தியம்மா

பி.கு. புகார் எழுதினாலும் தப்பில்ல. பொண்ணைக் கட்டிக் கொடுத்து ஆறு வருஷமாச்சு, ஒரு புகார் கூட வரலையேன்னுதான் எனக்குக் கவலை.

*

பிப்ரவரி 17

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி விசாரணையில் இறங்கினேன். அது எங்கே போய் முடிந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

முதலில் நூலகத்துக்குப் போனேன். இரண்டு புத்தகங்கள், ஒரு மருத்துவக் கையேடு. அவை சொல்வதன் சாரம்: அந்தப் பெட்டி உணவில் உள்ள நீரை அதிரவைத்துச் சூடாக்குகிறது. நிறுத்தியவுடன் அதுவும் நின்றுவிடுகிறது; உணவுக்குள் எதுவும் தங்குவதில்லை. கதவும் அதிலுள்ள வலையும் சரியாக இருந்தால் வெளியே பயமில்லை. சத்து எந்த அடுப்பில் சூடாக்கினாலும் ஓரளவு போகும். பிறகு, உங்கள் மகளை ஸ்கேனுக்கு அழைத்துப் போன அன்று, அவள் உள்ளே இருந்தபோது டாக்டரம்மாவிடமும் கேட்டேன். "கதவு ஒழுங்கா மூடுதா? அப்போ பயமில்ல. பிளாஸ்டிக் டப்பாவுல வெச்சு சூடு பண்ணாதீங்க, நடுவுல எடுத்துக் கிளறி விடுங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து பழைய தெர்மாமீட்டரைச் சோற்றில் செருகிப் பார்த்தேன். ஓரத்தில் நாக்கு வெந்துவிடும் சூடு, நடுவில் வெதுவெதுப்பு. டாக்டரம்மா சொன்னது சரி.

இதை அவளிடம் சொன்னீர்களா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஆபீசில் என் மேலதிகாரி ஒருவர், "மழை வேணும்னு நெனச்சுக்கிட்டு மழைமானியைப் பார்க்காதே, ஒரு கோடு கூடத்தான் தெரியும்" என்பார். பெட்டி வேண்டும் என்று ஆசைப்படுகிற நான், பெட்டிக்குச் சாதகமான வரிகளை மட்டும் படித்திருந்தால்? ஆகவே நானே ஒரு சோதனை செய்வது என்று முடிவெடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

யோசனை கண்ணாடியுடையது. "செல்போனை உள்ளே வெச்சு, சுவிட்ச் போடாம, கதவை மூடிட்டு, வேற போன்லேருந்து கூப்பிடுங்க. மணி அடிச்சா பெட்டி ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றார். எனக்கும் நியாயமாகப் பட்டது. மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது செய்தேன். உள்ளே சுழலும் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் போனை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்தேன். கிண்ணத்தை மூடியும் வைத்தேன். ஏன் மூடினேன் என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். உள்ளே எதை வைத்தாலும் மூடி போட வேண்டும் என்பது உங்கள் மகளின் சட்டம். கை அதுவாகவே மூடிவிட்டது.

வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டேன். உள்ளே மணி அடித்தது. இத்தனை நாள் உங்கள் மகள் இதன் பக்கத்தில் நின்றாளே என்று பதறி, இந்தச் சோதனை நம்பத்தக்கதுதானா என்று உடனே பார்த்துவிட நூலகத்துக்கு ஓடினேன். போனை எடுக்க மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாமதமாக வருகிறவர்களின் பங்கைக் கிண்ணத்தில் மூடி, பெட்டிக்குள் வைத்துவிடுவோம். வருகிறவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பொத்தானை அமுக்கிவிட்டுக் கை கழுவப் போவார். அன்று என் மகனுக்குத் தலைவலி. மதியமே வந்துவிட்டான். கதவு வழியே மூடிய கிண்ணம் தெரிந்தது. அப்பா நமக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்று உள்ளம் குளிர்ந்து பொத்தானை அமுக்கியிருக்கிறான்.

படார் என்று சத்தம், பொறி, புகை. பயல் புத்திசாலி, கதவைத் திறக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். யாருக்கும் ஒன்றுமில்லை. கிண்ணம் இரண்டாகிவிட்டது. பெட்டியின் உட்சுவரில் ஒரு கறுப்புத் தழும்பு. போன் ஒரு கருகிய அப்பளம்.

நான் திரும்பியபோது அவன் ஹாலில் உட்கார்ந்திருந்தான். "அப்பா, தப்பு என்னுதுதான். இன்னிக்கு என்ன சமையல்னு கேக்காம சூடு பண்ணிட்டேன்" என்றான். சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள். "போனை எதுக்கு மாமா உள்ள வெச்சீங்க?" என்றாள். "சோதனை" என்றேன். "என்ன சோதனை?" என்றாள். நான் கிண்ணத்தின் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவள் அந்தத் தழும்பையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் மாமா. இந்த வீட்ல இனிமே இது வேண்டாம்" என்று சொல்லிப் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

நான் என்ன சொன்னேன் என்று ஊகித்திருப்பீர்கள். "உங்க இஷ்டம்மா."

நூலகத்தில் கண்டது: போனின் அலை மிக வலுவானது, அதைத் தடுப்பதற்காக அந்தப் பெட்டி செய்யப்படவில்லை, மணி அடிப்பதால் எதுவும் நிரூபணம் ஆகாது. ஆக, சோதனையும் தவறு, போனும் போயிற்று. தன் கட்சிக்குத் தானே எதிர்சாட்சி சொன்ன வக்கீல் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது காலையில் அவள் டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறாள். இந்த நிலையில், அவசரத்தில், மறக்காமல். நேற்று அதைக் கண்ணாடிக்கு ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு "பரவாயில்ல" என்றார். தமிழில் இதைவிட ஆறிப்போன சொல் இருப்பதாகத் தெரியவில்லை.

கெட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். என் மகனும் சொன்னான். ஆனால் கெட்டில் என்றதும் மனம் சுருங்கியது. ஏன் என்று உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் பிடிபட்டது. அந்தப் பெட்டி இருந்தவரை, எங்கள் வீட்டில் ஒரு அடுப்பு எனக்கு மூடப்பட்டிருக்கிறது என்பதை நான் மறந்திருக்க முடிந்தது. கெட்டில் வந்தால் அதன் மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும். இந்த வயதில் இது சிறுபிள்ளைத்தனமாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
சம்பந்தி

*

பிப்ரவரி 22

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மன்னிக்கணும், சிரிச்சேன். ரொம்ப சிரிச்சேன். எனக்கு என் சத்தம் கேக்காதா, எவ்வளவு உரக்கச் சிரிச்சேன்னு தெரியல. கீழ் வீட்டுப் பொண்ணு ஓடி வந்து கதவைத் தட்டினாளாம். அதுவும் கேக்கல. கடைசியில ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக் கையை ஆட்டறா. 'மூடி போட்டு வெச்சாரு, மூடி போட்டு வெச்சாரு'ன்னு சொல்லி அவகிட்ட கடிதத்தை நீட்டிட்டேன். அவளும் சிரிச்சா. கோவிச்சுக்காதீங்க.

சிரிச்சு முடிச்சதும் கடைசிப் பத்தியை மறுபடி படிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

எக்ஸ்சேஞ்சுல நான் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கறது ஒண்ணுதான். லைன் கிடைக்கலையா, 'கிடைக்கலை'ன்னு சொல்லு. நேரமாகுமா, 'நேரமாகும்'னு சொல்லு. திட்டினாலும் பரவாயில்ல, வாங்கிக்கோ. ஆனா மறுபக்கம் ஒரு ஆள் காத்திருக்கும்போது சத்தமில்லாம மட்டும் இருக்காதே. சத்தமில்லைன்னா அந்த ஆள் என்னென்னவோ நெனச்சுக்கும். செத்துட்டாங்களோன்னு கூட நெனச்சுக்கும்.

நீங்க 'உங்க இஷ்டம்மா'ன்னு சொல்றீங்களே, அது மரியாதைன்னு நீங்க நெனச்சுட்டிருக்கீங்க. அது லைனைத் துண்டிக்கறது, சம்பந்தி. கல்யாணமான புதுசுல என் பொண்ணு ஒருநாள் எனக்கு என்ன எழுதினா தெரியுமா? 'அம்மா, மாமா எதுக்குமே வேணும்னும் சொல்ல மாட்டேங்கறார், வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்கறார். உப்பு ஜாஸ்தின்னு கூட சொல்ல மாட்டேங்கறார். எம்மேல கோபமா, இல்ல என்னை இன்னும் விருந்தாளியா நெனைக்கறாரா'ன்னு. நான்தான் 'அவர் சுபாவம் அப்படி'ன்னு எழுதி அனுப்பினேன். அது தப்புன்னு இப்போ தோணுது. அப்பவே உங்களுக்கு எழுதியிருக்கணும்.

சரி, வேலையைப் பாருங்க. உங்களுக்கு வேண்டியது பெட்டியும் இல்ல, கெட்டிலும் இல்ல. வேண்டியது என்னன்னு உங்களுக்கே தெரியும், நாலாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. அதை அவகிட்ட ஒரே ஒரு வாக்கியமா சொல்லுங்க. பத்தியா வேண்டாம். ஆதாரம் காட்டாதீங்க. டாக்டரை இழுக்காதீங்க. முக்கியமா, கையில தெர்மாமீட்டர் இருக்கக் கூடாது.

அவ மாட்டேன்னு சொன்னா? சொல்லட்டுமே. 'மாட்டேன்'ங்கறதும் ஒரு பதில்தான். லைன்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தியம்மா

*

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லவும். என்னைப் பற்றி அவள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தை மாற்ற முயல மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லிவிடுவது என்று சமையலறை வாசல் வரை போனேன். அவள் திரும்பி, "என்ன மாமா?" என்றாள். "பீன்ஸ் நறுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். நறுக்கினேன். மறுநாள் வெங்காயம் உரித்தேன். அதற்கடுத்த நாள் அவளே, "ஏன் மாமா, மூணு நாளா சமையலறையையே சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று கேட்டாள். கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கு டீ போடணும்மா."

"இருங்க, இதோ போட்டுத் தரேன்."

"இல்லம்மா, நானே போடணும். அடுப்புல. நீங்க ரெண்டு பேரும் வீட்ல இல்லாதப்போ."

ஒன்று என்று சொன்னீர்கள். நான்கு வாக்கியம் ஆகிவிட்டது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வழக்கமான வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இதைக் கேக்க உங்களுக்கு ஒரு வருஷமா மாமா?" என்றாள்.

பிறகு கொட்டிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தினம் காலையில ரெகுலேட்டரைக் கழட்டும்போது, 'ஏம்மா கழட்டறே'ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களான்னு பார்ப்பேன். நீங்க பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்குவீங்க. பெரியவங்களுக்கு அடுப்பைப் பூட்டிட்டுப் போறோமேன்னு ஆபீஸ் போற வரைக்கும் குத்தும். ஆனா என்னால கழட்டாம போக முடியல மாமா. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் காஸ் நெடி. 'மாமா, மாமா'ன்னு கத்தினேன். பதிலே இல்ல. ஒவ்வொரு ரூமா ஓடினேன். நீங்க எங்கேயோ விழுந்து கிடக்கறீங்கன்னே நெனச்சுட்டேன். கடைசியில பார்த்தா பால்கனியில நின்னு வானத்தைப் பார்த்துட்டிருக்கீங்க. எனக்கு அடிக்கலாம் போல இருந்துச்சு. கட்டிப் பிடிச்சு அழலாம் போலவும் இருந்துச்சு. ரெண்டுமே பண்ண முடியாதே, அதான் ஜன்னலைத் திறந்தேன்."

சம்பந்தியம்மா, இத்தனை நாளும் பால் பொங்கியதையும் காஸ் பரவியதையும்தான் என் கணக்கில் வைத்திருந்தேன். அவள் கூப்பிட்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. மறுபக்கம் சத்தமில்லாமல் இருந்தால் ஆள் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். படித்தபோது அது டெலிபோனுக்கான சட்டம் என்று நினைத்தேன்.

"அப்போ எனக்குக் கேக்கலம்மா. இனிமே கேக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றாள். அன்று வெங்காயமே நறுக்கவில்லை.

மைக்ரோவேவைப் பற்றியும் பேசினோம். நான் படித்ததைச் சொன்னேன், சுருக்கமாகத்தான். "எனக்கும் தெரியும் மாமா, டாக்டர் எங்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க. ஆனா அது ஓடும்போது பக்கத்துல நின்னா கை தானா வயித்துக்குப் போயிடுது" என்றாள். எதிரே வைக்க என்னிடம் இரண்டு புத்தகங்களும் ஒரு கையேடும் இருந்தன. வைக்கவில்லை. பயந்து பீரோவுக்குப் பின்னால் போகிறவளுக்குப் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் எழுதியிருந்தார். ஆகவே குழந்தை பிறக்கும் வரை அதை உபயோகிப்பதில்லை, பிறகு ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு யோசிக்கலாம் என்று முடிவாயிற்று. எப்படியும் என் போன் வெந்த பெட்டியைப் பரிசோதிக்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. கெடுதல் இல்லை என்று தெரிந்த ஒன்றை நிறுத்துகிறோம். ஆபீசில் இப்படி ஒரு முடிவை எழுதினால் மேலதிகாரி கோடு போட்டு அடித்திருப்பார். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஞாயிறு காலை நடந்துவிட்டு வந்தேன். உள்ளே தடதடவென்று சத்தம். என் மகன் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தான். அது இருந்த இடம் உங்களுக்கு நினைவிருக்கும், சமையலறை ஜன்னலுக்குக் கீழே. இப்போது அந்த இடத்தில் காஸ் அடுப்பு இருக்கிறது. அடுப்புக்கு எதிரே ஒரு நாற்காலி.

"உக்காருங்க மாமா" என்றாள் உங்கள் மகள். உட்கார்ந்தேன். "என்ன தெரியுது?"

அடுப்பு தெரிந்தது. அதற்கு மேலே, மூடிய கண்ணாடிக்கு அப்பால், எதிர் மாடிகளுக்கு இடையில் ஒரு நல்ல துண்டு வானம் தெரிந்தது.

"பாலும் தெரியணும், மேகமும் தெரியணும். அதுக்குத்தான் காலையிலேருந்து உங்க பிள்ளையை மாடு மாதிரி உழைக்க வெச்சேன். எவ்வளவு வேணும்னாலும் பாருங்க. எழுந்து மட்டும் போகாதீங்க" என்றாள். நிபந்தனைகள் நான்கு. காற்றில் தீ அணையாதபடி ஜன்னல் கண்ணாடி மூடியிருக்க வேண்டும். மேலே உள்ள காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை நானே மூட வேண்டும். புதுப் போன் வாங்கித் தந்திருக்கிறார்கள். அவள் கூப்பிட்டால் எடுத்து, "இருக்கேம்மா" என்று சொல்ல வேண்டும். நான்குக்கும் சம்மதித்தேன். இம்முறை "உங்க இஷ்டம்" என்று சொல்லவில்லை. "சரிம்மா" என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது.

மறுநாள் ரெகுலேட்டர் சிலிண்டரிலேயே இருந்தது. கண்ணாடிக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துள்ளினார். "யோவ், கொதிக்குதய்யா!" என்றார். "பரவாயில்லையா?" என்று கேட்டேன். "நாக்கு வெந்துபோச்சு, பரவாயில்லையாம்!" என்று கத்தினார். அந்த ஆட்டத்தில் அவருடைய ராணியை வெட்டினேன். மனிதர் நாக்கை விசிறிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

குழந்தை பிறக்கும் நேரத்துக்கு நீங்கள் வருவீர்கள் அல்லவா? சற்று முன்னதாகவே வந்து சில மாதம் தங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது உங்கள் மகள் சொல்லி எழுதுவது இல்லை, நானே கேட்பது. நாற்காலி இரண்டு போட இடம் இருக்கிறது. உங்களுக்கு டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று எழுதவும்.

இப்படிக்கு,
அடுப்படியிலிருந்து,
சம்பந்தி

*

மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

ரெண்டு ஸ்பூன். என் பொண்ணு கேட்டா அரைன்னு சொல்லுங்க. ரயில் டிக்கெட் போடச் சொல்லிட்டேன். காதுக் கருவியையும் எடுத்துட்டு வரேன். பேரப்பிள்ளை அழறதைக் கேக்கணும்.

இன்னொரு விஷயம். நேத்து என் பொண்ணு போன்ல ஒரு முழுப் பக்கம் தட்டி அனுப்பியிருக்கா. வழக்கமான 'சாப்டியா' இல்ல. ஆபீசுலேருந்து சீக்கிரம் வந்தாளாம், நீங்க டீ போட்டுக் கொடுத்தீங்களாம். 'ஒரே சர்க்கரை, பாயசம் மாதிரி இருந்துச்சும்மா. குறைச்சுப் போடுங்க மாமான்னா, எனக்கு இப்படித்தாம்மா பிடிக்கும்னு எம்மூஞ்சியைப் பார்த்தே சொல்றார். டிகாஷனும் தண்ணி. சொன்னா கேக்கவே மாட்டேங்கறார். நீ வந்து கேளு.'

உங்க மேல முதல் புகார், சம்பந்தி. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கியிருக்கேன். மடிச்சுப் பத்திரமா வெச்சுக்கலாம்னா, போன்ல வந்துடுச்சு. அதனால இங்கே எழுதி அனுப்பறேன். நீங்க வெச்சுக்கங்க.

அன்புடன்,
சம்பந்தியம்மா